மருந்துக்கு முன்னால் சிரிஞ்சைப் பழக்குங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குதிரைக்குக் குடற்புழு மருந்து வாங்கிப்போன சிலர் திரும்பி வந்து, "பாதியைத் துப்பிவிட்டது, இன்னொரு டியூப் கொடுங்கள்" என்கிறார்கள். ஒருவர் கட்டைவிரலில் கட்டோடு வந்தார். மருந்தில் குறையில்லை. சிரிஞ்சைப் பார்த்தாலே குதிரை மிரள்கிறது, அதுதான் சிக்கல்.

அது மிரள்வதிலும் நியாயம் இருக்கிறது. மருந்து நாளில் மட்டும்தான் அதன் கண்ணில் சிரிஞ்ச் படுகிறது. அன்றைக்குக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறோம், வாய்க்குள் கசப்பு போகிறது. அதனால் மருந்து இல்லாத நாட்களில் வெறும் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு போங்கள். கன்னத்தில் தடவுங்கள், அப்புறம் உதட்டோரத்தில். குதிரை அசையாமல் நின்ற அந்த நொடியிலேயே கையை எடுத்துவிடுங்கள். தலையைத் தூக்கும்போது எடுத்தால், தூக்கினால் தப்பிக்கலாம் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். உதட்டோரம் பழகியதும் சிரிஞ்சில் ஆப்பிள் கூழ் நிரப்பிக் கொடுங்கள். மருந்து ஒரு தடவை என்றால் கூழ் பத்துத் தடவை இருக்கட்டும். குளம்பு அழற்சி வந்த குதிரை என்றால் மட்டும் இனிப்பு வேண்டாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுக்கும் நாளில் முதலில் வாயைப் பாருங்கள். புல் மென்றுகொண்டிருந்தால் அதோடு மருந்தும் வெளியே வந்துவிடும். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது குதிரைக்குத் தெரியாது. தோளருகே பக்கவாட்டில் நில்லுங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. வாயோரமாக அதன் வழியே நுழைத்து, நாக்கின் பின்பகுதியில் மருந்துப் பசையை வையுங்கள். விழுங்கும்வரை தாடையை லேசாகத் தாங்கினால் போதும். தண்ணீர் மருந்தாக இருந்தால் தலையை உயர்த்தவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்க நேரம் கொடுங்கள்.

மருந்தின் அளவு குதிரையின் எடையைப் பொறுத்தது, அந்த எடையைக் கண்மதிப்பில் போடாதீர்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, அந்த அளவை அதே அளவால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். அளவு சென்டிமீட்டரில் இருந்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் ஏறக்குறைய 436 கிலோ. மருந்து குறைந்தால் புழுக்கள் மருந்துக்குத் தாக்குப்பிடிக்கப் பழகிவிடும். கூடினாலோ, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். மருந்து டியூபின் தண்டில் இருக்கும் வளையம் சரியான எடையில் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்துப் பசை கீழே சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். குதிரைக்கான அளவு நாய்க்கு மிக அதிகம். அதிலும் கோலி வகை நாய்கள் பலவற்றுக்கு அது உயிருக்கே ஆபத்து.

இனிமேல் பசை மருந்து ஒவ்வொன்றோடும் 60 மில்லி வெறும் சிரிஞ்ச் ஒன்று சேர்த்துத் தருகிறோம், அதற்குத் தனிக் காசு இல்லை. மருந்து டியூபை உள்ளே வைத்துவிட்டு, இன்று மாலையே அந்தச் சிரிஞ்சோடு லாயத்துக்குப் போங்கள். குதிரை எங்கே தயங்குகிறது என்று வந்து சொன்னால், சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து