உனக்கென்று தனிச் சமையல் வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவன் பரீட்சையில் தேறிவிட்டான் என்பதையும், உன் மாமனாரின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதையும் படித்ததும் மனம் நிறைந்தது. அவர் மறுபடியும் தாமாகவே செய்தித்தாள் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே அம்மா என்னோடு வந்து தங்கியிருக்கிறார். பற்கள் தளர்ந்துவிட்டதால் அவருக்கு எல்லாமே குழைய வெந்திருக்க வேண்டும். மகளோ கடிக்கும்போது மொறுமொறுவென்று இருந்தால்தான் தொடுகிறாள். அதனால் ஒரே சமையலை ஆளுக்கொரு விதமாகத் தட்டில் வைப்பது எனக்கும் பழகிவிட்டது. நீ கேட்டிருந்த விஷயத்தைப் பற்றி விரிவாக எழுதத் துணிந்ததும் அதனால்தான்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து எல்லோருக்கும் வழக்கம்போல் சமைத்துப் பரிமாறிவிட்டு, நீ மட்டும் அடுப்பங்கரையில் நின்றபடியே வேகவைத்த காயை ஒரு கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுகிறாய். இரவில் எல்லோரும் படுத்த பிறகு பாத்திரங்களை ஒழித்துப் போடும்போது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை உன் கை தானாக எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. 'எனக்கு மனவுறுதி இல்லை' என்று எழுதி, அந்த வரியின் கீழே கோடும் போட்டிருக்கிறாய். அந்த வரியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் உறுதிக்குக் குறைவில்லை. நாள் முழுவதும் பசியோடு அடுப்பின் முன் நிற்கிறாய் என்பதுதான் காரணம்.

பசி மனதை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். 1944-ன் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து அதைத் தொடங்கினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் அவர்கள். பட்டினியால் வாடும் மக்களுக்கு இந்த ஆய்வு உதவும் என்று தாங்களே முன்வந்தார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடை நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. உடல் இளைத்ததைவிட அவர்கள் மனம் போன போக்குத்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சமையல் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு படித்தார்கள், குறிப்புகளைச் சேகரித்தார்கள், பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆகிப்போனது. உறுதியில் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கொள்கைக்காகப் போர்முனையையே மறுத்தவர்கள் அவர்கள். நீ பட்டது அந்த அளவு பட்டினி இல்லைதான். ஆனால் நாளுக்கு மூன்று வேளை மணக்க மணக்கச் சமைக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. உனக்கு இருக்கிறது.

ஆகவே நான் முதலில் சொல்வது இது: வெறும் வயிற்றோடு அடுப்பைப் பற்றவைக்காதே. சமைக்கத் தொடங்கும் முன் ஒரு பழமோ, ஒரு கிண்ணம் தயிரோ, ஒரு வேகவைத்த முட்டையோ உட்கார்ந்து சாப்பிடு. ருசி பார்ப்பதையும் விட்டுவிட வேண்டாம், சமைப்பவள் ருசி பார்த்துத்தான் ஆக வேண்டும். வயிற்றில் ஏதாவது இருந்தால் ஒரு சின்னக் கரண்டியோடு அது நின்றுவிடும்.

இரண்டாவது, தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உனக்கு ஒரு பாத்திரம், மற்றவர்களுக்கு ஒரு பாத்திரம் என்று எத்தனை மாதம் தாங்குவாய்? வேலை இரட்டிப்பாகிறது. அதைவிட மோசம், உன் கிண்ணம் உனக்கே தண்டனைபோலத் தெரியத் தொடங்குகிறது. உன் வீட்டில் ரத்த அழுத்தம் உனக்கு மட்டுமா? மாமனாருக்கும் இருக்கிறதே. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உள்ளாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்கள் எல்லோருக்கும்தான். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்பதும் அப்படியே. கிழங்கு அந்தக் கணக்கில் சேராது. உன் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேருக்கு மட்டுமே 1,200 கிராம் ஆகிறது. நீ வாங்கும் காய் அந்த அளவு வருகிறதா என்று ஒரு வாரம் பார். என் வீட்டில் முதலில் மாறியது இதுதான். கடைப் பை கனத்தது, மற்றவை தாமாகக் குறைந்தன.

பாத்திரத்தில் என்ன மாற்றலாம் என்று கேட்பாய். எண்ணெயிலிருந்து தொடங்கு. கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் கைக்கு ஒரு கரண்டிக்கும் மூன்று கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. நாக்குக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. எண்ணெயை நிறுத்தச் சொல்லவில்லை, அளந்து ஊற்று என்கிறேன். வெங்காயத்தை நிதானமாக, மூடிவைத்து, தேவைப்பட்டால் ஒரு கை தண்ணீர் தெளித்து வதக்கினால் குறைந்த எண்ணெயிலேயே நன்றாகச் சிவந்து வரும்.

அடுத்தது அளவு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொல்வது எனக்குச் சமையலறையில் மிகவும் உதவியது. மனிதர்கள் கலோரியை எண்ணிச் சாப்பிடுவதில்லை, வழக்கமான அளவைத்தான் சாப்பிடுகிறார்கள். அந்த அளவுக்குள் நீர் நிறைந்த காய்கள் அதிகம் இருந்தால், வயிறும் நிறையும், கலோரியும் குறையும். அதனால் எதைச் சமைத்தாலும் காயைக் கூட்டிவிடுகிறேன். இறைச்சிக் குழம்பு என்றால் இறைச்சியைப் போல இன்னொரு பங்கு காய், பருப்பு என்றால் கை நிறையக் கீரை, சோறு கிளறினால் பாதிக்குப் பாதி பொடியாக நறுக்கிய காய். வீட்டில் யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு மட்டும் கேரட்டை இன்னும் சற்று வேகவைக்க வேண்டியிருந்தது.

கிழங்கை நீ முற்றிலும் ஒதுக்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அது தேவையில்லை. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் உடன் இருந்தவர்களும் 38 உணவுகளைச் சம கலோரி அளவில் கொடுத்து, எது பசியை அதிகம் அடக்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு. எண்ணெயில் பொரித்தால் கதை வேறு. பிடித்த கிழங்கை வேகவைத்துச் சாப்பிடு, ஆனால் அதைக் காய்க் கணக்கில் சேர்க்காதே, சோற்றுக் கணக்கில் சேர்த்துக்கொள்.

இனித் தட்டுக்கு வருகிறேன். பாத்திரம் எல்லோருக்கும் ஒன்று, தட்டு மட்டும் அவரவர் தேவைக்கு. 2011-ல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரக் கல்லூரி வெளியிட்ட தட்டுப் படம் எளிமையானது. பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு பருப்பு, மீன், முட்டை போன்ற புரதம். உனக்கு இந்த அளவு சரியாக இருக்கும். மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் மூன்றில் வயிறு நிறைந்த உணர்வை அதிகம் தருவது புரதம்தான். ஆகவே உன் கிண்ணத்தில் வெறும் காய் மட்டும் இருந்தது என்பதுதான் இரவில் உன் கையை மிச்சத்தின் பக்கம் இழுத்தது என்று நினைக்கிறேன். பெரியவன் வளர்கிற பையன், ஓடியாடுகிறான். அவன் தட்டில் சோறு இரண்டு மடங்கு இருக்கட்டும், மேலே வெண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேரட்டும். சின்னவளுக்கும் பாலையோ கொழுப்பையோ குறைத்துவிடாதே. வளரும் உடலுக்கு அது வேண்டும். மாமனாருக்குப் புரதம் குறையக் கூடாது, வயதாக ஆகத் தசை இளைக்கும்.

சின்னவள் காயை ஒதுக்குகிறாள் என்று நீ வருந்த வேண்டாம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் பெற்றோருக்குச் சொல்லும் வழி எனக்குப் பிடிக்கும்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. காயை மேசையில் வை, நீ ரசித்துச் சாப்பிடு, அவளை வற்புறுத்தாதே. முதலில் கொஞ்சமாகப் பரிமாறு, கேட்டால் இன்னும் போடு. மிச்சம் விழுவது இதனாலேயே பாதி குறையும். பெரிய பாத்திரத்தில் மீந்ததை எல்லோரும் எழுந்திருக்கும் முன்பே மூடி குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடு. அதை நாளைய மதியத்துக்கென்று எண்ணினால் கை அதைத் தொடாது.

அவள் காதுபட உன் உடலைப் பற்றிக் கடுமையாகப் பேசாதே என்பதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 'அம்மா குண்டு, அம்மா சோறு சாப்பிடக் கூடாது' என்று பத்து வயதில் கேட்ட பிள்ளை, சில ஆண்டுகளில் அதே சொற்களைத் தன் மீது திருப்பிக்கொள்ளும். 'அம்மாவுக்கு ரத்த அழுத்தம் குறைய வேண்டும், அதற்காக எல்லோரும் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறோம்' என்று சொல். அதுதான் உண்மையும்கூட.

சமையலே உன்னைக் கெடுக்கிறது, பேசாமல் பாக்கெட்டில் வரும் 'எடைக்குறைப்பு' உணவுகளுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். 2019-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலின் குழு 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத பொருள்களில் சமைத்த உணவும் கொடுத்துப் பார்த்தது. கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவில் பரிமாறினார்கள். வேண்டியதைச் சாப்பிடலாம் என்றார்கள். பதப்படுத்தியதைச் சாப்பிட்ட நாட்களில் ஆளுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகம் உள்ளே போயிற்று, எடையும் ஏறியது. சமைத்ததைச் சாப்பிட்டபோது இறங்கியது. பருப்பும் காயும் வாங்கி உன் கையால் சமைக்கிறாயே, அதைவிடப் பெரிய துணை உனக்கு எந்தப் பாக்கெட்டிலும் கிடைக்காது. சர்க்கரை போட்ட பானங்களை மட்டும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள், யாருக்கும் அவற்றால் நன்மையில்லை.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வாரத்தில் மடமடவென்று இறங்கி, பிறகு நின்றுவிட்டது என்று கலங்கியிருக்கிறாய். உடலில் சேமித்துவைத்த மாவுச்சத்தோடு அதைப்போல மூன்று மடங்கு நீரும் தங்கியிருக்கும். முதலில் இறங்கியதில் பெரும்பகுதி அந்த நீர்தான். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ. உடல் இலேசாக ஆக ஆக அதற்குச் செலவும் குறைவதால், போகப்போக வேகம் தணியும். இது இயல்பு. இப்போது இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ரத்த அழுத்தத்தில் பலன் தெரியத் தொடங்கும். நீ மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதால், எடை இறங்கும்போது மருத்துவரிடம் சொல்லிக்கொண்டே இரு. மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு மெதுவாகத்தான் இறங்குகிறது. முழங்கால் வலி விட்டிருக்கிறது, மாடிப்படி ஏறும்போது நிற்பதில்லை, ரத்தச் சர்க்கரையைப் பார்த்து மருத்துவர் முகம் மலர்ந்தார். என் வீட்டுக்காரர் வாரத்தில் சில இரவுகள் சமையலை எடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் நான் ருசி பார்ப்பதுகூட இல்லை, நேராகப் போய்ச் சாப்பிட உட்காருகிறேன். உன் வீட்டுக்காரரிடமும் கேட்டுப் பார். அவருக்குச் சமைக்க வராவிட்டால், சாப்பிட்ட பிறகு பாத்திரம் ஒழிக்கும் வேலையையாவது அவர் செய்யட்டும். மிச்சம் இருக்கும் நேரத்தில் நீ அங்கே நிற்க வேண்டாம்.

நாளை முதல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடு, ஒரே பாத்திரத்திலிருந்து. இந்த வாரம் என்னென்ன சமைத்தாய், யார் எதை ஒதுக்கினார்கள் என்று விவரமாக எழுது. காய் சேர்த்துக் கிளறும் சோற்றின் பக்குவத்தை அம்மா சொல்லச் சொல்லத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கும் மாமனாருக்கும் ரத்த அழுத்தம் இருப்பதால், சமைக்கும்போதே அதில் எழுதியிருக்கும் உப்பைப் பாதியாக்கிக்கொள். பெரியவன் அடுத்து என்ன படிக்கப் போகிறான் என்பதைச் சொல்லவே மறந்துவிட்டாய், அதையும் எழுது.

அன்புடன்,
உன் தோழி