வேவ் என்று சொல்லித் தந்த எம்.பி.3: கேசட் பிரதி குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கானாடுகாத்தான்
பெறுநர்: மேலாளர், கேசட் டிஜிட்டல் மாற்றப் பிரிவு

ஐயா,

எங்கள் அப்பத்தாவின் தாலாட்டும் கும்மிப் பாட்டும் உள்ள 60 நிமிடக் கேசட்டுகள் மூன்றைச் சென்ற மாதம் உங்களிடம் தந்தேன். பத்திரப்படுத்த, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. பினாங்கில் இருக்கும் பங்காளிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துச் சுருக்கும் எம்.பி.3. இப்படி எழுதியே கொடுத்தேன். இரண்டுக்கும் தனித்தனியே பணம் வாங்கினீர்கள். வந்திருப்பதோ ஒரே சரக்கு, சட்டைதான் இரண்டு.

கோப்பின் கனத்தைப் பார்த்து முதலில் நானும் ஏமாந்தேன். ஒரு கேசட்டுக்கு ஒரு ஜி.பி.க்குச் சற்று மேல். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 3 பைட், தடம் இரண்டு என்று பெருக்கினால் கணக்கும் சரியாகவே வருகிறது. ஆனால் 58 மெகாபைட் எம்.பி.3யை வேவாக மாற்றினாலும் அதே அளவுதான் வரும். வெண்ணெய் எடுத்த மோரை அண்டா நிறைய ஊற்றி வைத்தால் பாலாகிவிடுமா?

காதுதான் முதலில் சந்தேகப்பட்டது. வளவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அப்பத்தா பாடுகிறார். பாட்டு நின்றபின் தொட்டில் சங்கிலி இரண்டு முறை கிறீச்சிடும். பிறகு நாடாவின் இரைச்சல் மட்டும் சீராக ஓடும். கேசட்டில் இன்றும் அப்படித்தான் கேட்கிறது. உங்கள் பிரதியில் அந்தக் கிறீச்சு மழுங்கிவிட்டது, இரைச்சல் தண்ணீருக்குள் குமிழியிடுவதுபோல் சுழல்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் கோப்பை அடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைவரிசைப் படத்தைக் காட்டினான். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் நறுக்கியதுபோல் வெறுமை. நாடா இரைச்சல் மேலே போகப் போகத் தேயும்; இப்படி ஒரே கோட்டில் நிற்காது. நொடிக்கு 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய எம்.பி.3 வழக்கமாக விட்டுச் செல்லும் தடயம் அது என்றான்.

தொலைபேசியில் உங்கள் ஊழியர், "வேவ் என்றாலே தரம்தான், காதுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். வேவ் என்பது பாத்திரம். உள்ளே என்ன ஊற்றினீர்கள் என்பதே என் கேள்வி. எம்.பி.3மீது எனக்குப் பகையில்லை. கேட்கவும் அனுப்பவும் அது போதும். ஆனால் நாளைக்கு இந்த நாடாவின் உறுமலை நீக்க வேண்டும், பாட்டுகளைத் தனித்தனியாக வெட்ட வேண்டும். எம்.பி.3யைத் திருத்தி மறுபடி எம்.பி.3யாகவே சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போய்விடும். அதற்காகத்தான் சுருக்காத கோப்பு கேட்டேன்.

நாடாவிலிருந்தே மீண்டும் பதிவு செய்து தாருங்கள். இரைச்சல் நீக்கம் எதுவும் வேண்டாம். இடம் பற்றாது என்றால் ஃப்ளாக் தந்தாலும் ஏற்கிறேன்; அது சுருக்கினாலும் எதையும் இழக்காது. 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

கேசட்டுகளை இனிக் கூரியரில் அனுப்ப மாட்டேன். நானே கொண்டுவந்து, மூன்றும் ஓடி முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்