பறவூர்ப் பாட்டியைப் பார்க்கப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

உன் ஆய்வகத் தோழி அவள் பாட்டி வீட்டுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நீ சொன்னதிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். அப்பா உடனே மேப்பைத் திறந்து இஸ்ரேலில் அந்தப் பாட்டியின் ஊரான மெசிலாத் சியோன் எங்கே என்று தேடினார். பெய்த் ஷெமேஷ் பக்கம்தானாம், நீ இருக்கும் ரெஹோவோத்திலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை என்று அவரே சமாதானமும் ஆகிவிட்டார். அந்தப் பாட்டி கேரளத்துப் பறவூரில் பிறந்த யூதர் என்றாயே, அதைக் கேட்டதும் போனில் பேசினால் போதாது, எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாட்ஸாப்பில் நீளமாக அனுப்பினால் நீ பாதியில் விட்டுவிடுவாய்.

அப்பாவுக்குக் கொச்சித் துறைமுகத்தில் வேலை இருந்தபோது நாம் மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். நீ கைக்குழந்தை, உனக்கு ஒன்றும் நினைவிருக்காது. யூதத் தெருவில் சாரா கோஹன் அம்மாவின் பூத்தையல் கடை இருந்தது. தொழுகைக்கு ஆண்கள் வைக்கும் குல்லா, வெள்ளிக்கிழமை இரவு ரொட்டியை மூடி வைக்கும் துணி எல்லாம் தைத்து விற்பார்கள். அவர் 2019இல், 96 வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். இதை எல்லாப் பத்திரிகையும் ஆச்சரியமாக எழுதின. அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு காலத்தில் கேரளத்தில் யூதர்களுக்கு எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, அப்புறம் பறவூர், சேந்தமங்கலம், மாளா. அங்கே அவற்றைப் பள்ளி என்றுதான் சொல்வார்கள். 1948இல் இஸ்ரேல் உருவானதும் கிளம்ப ஆரம்பித்தார்கள். 1950களின் நடுவில் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். உன் தோழியின் பாட்டியும் அப்போது போன சிறுமியாகத்தான் இருக்க வேண்டும். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சில மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தங்கின.

தங்கியவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் முறைப்படி பொதுத் தொழுகை முழுமையாக நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும். அதற்கு மிஞ்யான் என்று பெயர். உள்ளூரில் பத்துப் பேர் தேறவில்லை. சுற்றுலா வந்த வெளிநாட்டு யூத ஆண்கள் யாராவது சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகும். தொழுகைப் பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்த பெண்கள் அங்கேயே இருந்தார்கள், ஆனால் அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று நீ கேட்பாய். கேள், பதில் சொல்ல என்னிடமும் ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் யூதப் பெண்கள் இந்தக் கேள்வியைச் சத்தமாகவே கேட்டார்கள். 1972இல் சாலி பிரிசாண்ட் அங்கே முதல் பெண் ரபியாக, அதாவது மத குருவாக, பட்டம் பெற்றார். அடுத்த வருடமே, கன்சர்வேடிவ் என்ற அவர்களின் ஒரு பெரிய பிரிவு, பெண்களையும் அந்தப் பத்தில் எண்ணலாம் என்று வழிவிட்டது. வைதீகப் பிரிவினர் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை.

கொச்சிப் பெண்களிடம் இருந்தது வேறு ஒன்று, பாட்டு. உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதைத்தான். அந்தப் பாட்டுக்குப் பத்து ஆண்களும் வேண்டாம், ரபியும் வேண்டாம். கேரள யூதர்களிடம் ரபி வைத்துக்கொள்ளும் வழக்கமே இல்லை, விவரம் தெரிந்த பெரியவர்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். பாட்டுக்கு ஒரு நோட்டு இருந்தால் போதும், மெட்டுத் தெரிந்த இன்னொரு பெண் பக்கத்தில் இருந்தால் போதும்.

எல்லாம் மலையாளப் பாட்டு, நடுநடுவே எபிரேயச் சொல் வரும். ஆபிரகாம், யோசேப்பு கதைகளைச் சொல்லும் பாட்டு உண்டு. அந்தந்த ஊர்ப் பள்ளியைப் புகழும் பாட்டு தனி. கல்யாணப் பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அவர்கள் கல்யாணத்தில் தாலியும் உண்டு தெரியுமா? மாப்பிள்ளை கட்டுவதில்லை, அவர் வீட்டுப் பெண் ஒருத்தி கட்டுவாள். பெண்கள் இந்தப் பாட்டுகளைக் கையால் எழுதி வைத்தார்கள். ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி எழுதிக்கொள்வாள், அம்மாவின் நோட்டு மகளுக்குப் போகும். என் பழைய திருப்பாவை நோட்டை நீ கிண்டல் செய்வாயே, அது மாதிரிதான் என்று வைத்துக்கொள்.

இதில் இன்னொரு விசேஷம். வைதீக யூதர்கள் பலர், ஆண்கள் காதில் பெண்கள் பாடும் குரல் விழக்கூடாது என்பார்கள். கேரளத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் முன்னாலேயே பெண்கள் வாய்விட்டுப் பாடினார்கள். அங்கே பெண் பிள்ளைகளும் எபிரேயம் வாசிக்கக் கற்றவர்கள், ஆண்களோடு சேர்ந்து எபிரேயப் பாடல்களும் பாடுவார்கள். ஜெப ஆலயக் கட்டடத்திலேயே இது தெரியும். தோரா என்ற வேதச் சுருளை வாசிக்கும் மேடை கீழே நடுவில் ஒன்று, மாடியில் ஒன்று. மாடி மேடைக்குப் பின்னால், அழித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் இருப்பார்கள். வாசிக்கிறவர் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில்.

ரொம்பப் புகழ்கிறேன் என்று நினைக்காதே. அதே சனத்துக்குள் நிறம் பார்த்து ஒதுக்குவதும் இருந்தது. பரதேசி ஜெப ஆலயத்தில் ஒரு பிரிவினரை உள்ளே பெஞ்சில் உட்காரவே விடவில்லை. வக்கீல் ஏ.பி. சேலம் காந்தி வழியில் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தார். பின்னால் இந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ரூபி டேனியலும் அந்த ஒதுக்கப்பட்ட பிரிவில் 1912இல் பிறந்தவர்தான். யுத்த காலத்தில் கடற்படைப் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். ஆண்கள் உட்காரும் இடத்துக்கு இத்தனை சண்டை நடந்தபோதும், இரண்டு பக்கத்துப் பெண்களின் நோட்டிலும் பல பாட்டுகள் ஒன்றாகவே இருந்தன. யார் யாரிடமிருந்து எழுதிக்கொண்டார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ரூபி 1951இல் இஸ்ரேல் போய், வடக்கே நெயோத் மொர்தெகாய் என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமத்தில், சேர்ந்தார். அது மத அனுஷ்டானம் பெரிதாக இல்லாத இடம். வசந்த காலத்தில் வரும் பஸ்கா பண்டிகைக்கு, குளிர்காலத்து ஹனுக்கா பண்டிகை முடிந்த கையோடு வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்குகிற ஊரிலிருந்து போனவருக்கு எப்படி இருந்திருக்கும்! மற்றவர்கள் மோஷாவ் என்ற விவசாயக் கிராமங்களுக்குப் போனார்கள். அங்கே தீவிர வைதீகர்கள் பெண்கள் பாடுவதை ஒரு மாதிரி பார்த்தார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு எபிரேயம்தான் பெருமை, அம்மாவின் மலையாளம் வெட்கம். நோட்டுகள் பெட்டிக்குள் போயின.

1970களில் பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் டேப் ரிக்கார்டரோடு இந்தப் பெண்களைத் தேடி வந்தார். அப்புறம்தான் பேச்சு மறுபடி தொடங்கியது. ஒருத்தியின் நோட்டில் விட்டுப்போன வரி இன்னொருத்தியின் நோட்டில் கிடைக்கும். சொல் இருக்கும், மெட்டு மறந்திருக்கும். இன்னொரு ஊர்க்காரிக்கு மெட்டு மட்டும் தெரியும். ரூபி கிப்புட்ஸில் உட்கார்ந்து பாட்டுகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அவரும் ஜான்சனும் சேர்ந்து அவருடைய நினைவுகளை 1995இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். பாடுகிறவர்களுக்கே பிடிபடாத பழைய வரிகளுக்குக் கேரளத்தில் ஸ்கறியா ஸக்கரியா போன்ற மலையாள அறிஞர்கள் துணைக்கு வந்தார்கள். 2004இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அடுத்த வருடம் மலையாளமும் எபிரேயமுமாகப் பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. அம்மாவின் பாட்டுக்கு வெட்கப்பட்ட பிள்ளைகளின் பிள்ளைகள், எபிரேய அர்த்தத்தைப் படித்துவிட்டுப் பாட்டியிடம் போய்க் கேள்வி கேட்டிருப்பார்கள். உன் தோழியும் அப்படி ஒருத்திதானே?

சரி, இனிமேல் நீ செய்ய வேண்டியது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடு, பொழுது சாய்ந்தால் அவர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும், பஸ் கிடையாது. சூரியன் அடைவதற்குள் வீட்டுப் பெண் விளக்கேற்றுவார். கொச்சியில் அதற்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றிய தூக்கு விளக்கு வைத்திருந்தார்கள், அங்கே இப்போது என்ன வழக்கம் என்று பார். ஏற்றிய பிறகு சனிக்கிழமை இருட்டும்வரை செல்போனைப் பைக்குள்ளேயே வை. பாட்டை ரிக்கார்ட் செய்கிறேன், படம் எடுக்கிறேன் என்று ஆரம்பித்துவிடாதே கண்ணு. எழுதுவதும் கூடாது, கேட்டுக்கொள், அவ்வளவுதான். சமைத்த எதையும் கொண்டுபோகாதே. நம் பாத்திரத்தில் செய்தது சைவமே ஆனாலும் அவர்களுக்கு ஆகாது. பழமோ பூவோ வாங்கிப் போ. வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பேச்சு உன் வாயில் வரவே கூடாது. ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. ஊரில் என்ன பாடுவீர்கள் என்று கேள். உனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளம் போதும், தப்பாகப் பேசினால் அவரே திருத்துவார். உன்னைப் பாடச் சொன்னால் மட்டும் பிகு பண்ணாதே.

சண்டைச் செய்தி கேட்டால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும், விளக்கு வைப்பதற்கு முன்னால், ஒரு வார்த்தை அனுப்பிவிடு.

இன்னொன்று. பறவூர் ஜெப ஆலயத்தைச் செப்பனிட்டு இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அப்பாவும் நானும் கொச்சிக்குப் போகிறோம், பறவூருக்கும் ஒரு நடை போய்வரலாம் என்று இருக்கிறோம். பாட்டிக்கு அங்கே எந்த இடத்தைப் பார்க்க ஆசை என்று கேட்டுச் சொல். பெண்கள் ஏறிப்போன படியா, மாடியா, அவர் உட்கார்ந்த மூலையா, எதுவானாலும் படம் எடுத்து அனுப்புகிறேன். பறவூர்ப் பள்ளிப் பாட்டு அவருக்கு நினைவிருந்தால், ஞாயிற்றுக்கிழமை உன் தோழியை எழுதி வாங்கி அனுப்பச் சொல். மலையாள எழுத்திலேயே இருக்கட்டும், எனக்கு வாசிக்க வரும்.

அன்புடன்,
அம்மா