கனாத் வற்றியது எதனால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வறண்ட நாடுகளின் நிலத்தடிக் கால்வாய்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், ஆற்று நீர் வெயிலில் ஆவியாகாமல் இருக்க மண்ணுக்கடியில் வெட்டிய வாய்க்கால்தான் ஈரானின் கனாத் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியல்ல. நம்பி இருக்க ஓர் ஆறு இல்லாததால்தான் கனாத்தே தேவைப்பட்டது. அதில் ஓடுவது நிலத்தடி நீர்.

மலையடிவாரத்தில் ஊற்று தட்டுப்படும்வரை முதலில் ஒரு கிணறு தோண்டுவார்கள். பாரசீகத்திலும் அதற்குத் தாய்க்கிணறு என்றுதான் பெயர். அதற்குப் பிறகு வேலை எதிர்ப்பக்கமிருந்து நடக்கும். வயல் இருக்கும் தாழ்வான முனையில் தொடங்கி, மலையை நோக்கிச் சுரங்கம் குடைந்துகொண்டே போவார்கள். மேலிருந்து வந்தால் ஊறும் தண்ணீர் தோண்டுகிற ஆளையே மூழ்கடித்துவிடும். சுரங்கத் தரையின் சரிவு ஆயிரம் அடிக்கு ஓரடி, சில இடங்களில் அதற்கும் குறைவு. கூடினால் நீர் தரையை அரிக்கும், குறைந்தால் வண்டல் தங்கி அடைக்கும். மண் உதிரும் இடங்களில் சுட்ட மண் உறைகளை அடுத்தடுத்துப் பொருத்துவார்கள். ஈரானின் கோனாபாதில் உள்ள கனாத்தின் நீளம் சுமார் 33 கிலோமீட்டர், தாய்க்கிணற்றின் ஆழம் 300 மீட்டருக்கும் அதிகம். தூக்குநூலும் விளக்கும் கையுளியும் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கட்டுரை கோட்டைவிட்டது வேறொன்று. கனாத் தானாக வழிந்து வருவதை மட்டுமே தரும். உறிஞ்ச அதற்குத் தெரியாது. நீர்மட்டம் இறங்கினால் ஓட்டம் மெலியும், சாகுபடியையும் சுருக்கியாக வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும், வயலுக்கு வேண்டாதபோதும் ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற குறை நியாயமானதே. பங்கீட்டில் சமத்துவம் நிலவியது என்றும் மயங்க வேண்டாம். அடியில் துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, நம் நாழிகை வட்டில் போலவே, அது மூழ்கும் நேரத்தைக் கணக்காக வைத்துத் தண்ணீரைப் பிரித்தார்கள். அந்த நேரப் பங்கை வாங்கலாம், விற்கலாம், வாரிசுக்கு விடலாம். பெரும் பங்கு பல ஊர்களில் நிலக்கிழார்களிடமே இருந்தது.

'நவீன காலம் மறந்துவிட்ட தொழில்நுட்பம்' என்று கட்டுரை முடிகிறது. எங்கே மறந்தார்கள்? மறந்ததால் அல்ல, நீர் வற்றியதால்தான் பல கனாத்கள் நின்றன. கனாத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறு கிணறு வெட்டக்கூடாது என்பது பழைய விதி, 'ஹரீம்' என்பார்கள். கையால் தோண்டிய காலத்தில் அந்தத் தொலைவு போதுமானதாக இருந்தது. மோட்டார் பொருத்திய ஆழ்துளைக் கிணறு வந்தபின், விதியை மீறாமலே எட்ட இருந்து கீழே உள்ள நீரை இழுத்துவிட முடிந்தது. தாய்க்கிணற்றின் மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால் சுரங்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் 'காரேஸ்' என்று வழங்கும் இதே அமைப்புகள் பல, மானிய மின்சாரத்தில் ஓடிய குழாய்க்கிணறுகளால்தான் வற்றின. 2016-இல் யுனெஸ்கோ ஈரானின் 11 கனாத்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் சுரங்கத்தைக் காக்கலாம், பக்கத்து மோட்டாரை நிறுத்தாது. ஓமானில் ஏறத்தாழ 3,000 'அஃப்லாஜ்' (பாரம்பரியப் பாசன வாய்க்கால்கள்) இன்றும் பாசனத்துக்கு ஓடுகின்றன என்பதையாவது கட்டுரையாளர் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கடைசியாக, வானிலிருந்து எடுத்த படத்தில் வரிசையாகத் தெரியும் குழிகளை 'நீர் இறைக்கும் கிணறுகள்' என்று குறித்திருக்கிறீர்கள். அவை தோண்டிய மண்ணை மேலே தூக்கவும், உள்ளே காற்று போகவும், பிற்காலத்தில் தூர்வார இறங்கவும் விட்ட வாய்கள். சுற்றியுள்ள மண்மேடு வெள்ளம் உள்ளே பாயாமல் தடுக்கும். திருத்தம் வெளியிடும்போது ஒரு நெடுக்குவெட்டுப் படமும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்