மேசை எண் 14

அன்புள்ள கண்ணா,

நேற்று போனைப் பாதியிலேயே வைத்துவிட்டாய். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாய், சரி. ஆனால் உன் குரலில் இருந்த கோபம் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. "ஏமாத்திட்டாங்கம்மா. ஜெர்மன் கார்னு நம்பித்தானே வாங்கினேன். டப்பாவில் ஒரு பேர், உள்ளே இருக்கிற சாமானில் வேற நாட்டுப் பேர்" என்றாய். காருக்கு நீ வாங்கிய சஸ்பென்ஷன் ஆர்ம், சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் அந்த உலோகக் கை, அதைப் பற்றித்தான் கோபம். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் 22 வருஷம் எங்கே வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் உட்கார்ந்து சொன்னதில்லை. வயரிங் ஹார்னஸ். காரின் உடம்பு முழுக்க ஓடுகிற வயர்க்கட்டு. விளக்கு, கண்ணாடி, பிரேக், ஏர்பேக், எல்லாவற்றுக்கும் மின்சாரம் போவதும் சேதி போவதும் அதில்தான். ஒரு காரில் இருக்கும் வயரை எல்லாம் பிரித்து நீட்டினால் கிலோமீட்டர் கணக்கில் வரும்.

ஒரு சுவர் அளவுக்குப் பலகை. அதன்மேல் வயர் போகும் பாதை முழு அளவில் வரைந்திருக்கும். வளைவுக்கு வளைவு ஆணி மாதிரிக் கம்பிகள் நிற்கும். வயரை எடுத்து, அதன் பாதையில் போட்டு, முனையில் இருக்கும் டெர்மினல் என்ற சின்ன உலோகத் துண்டைக் கனெக்டரின், அதாவது வயர்களைச் சேர்த்து மாட்டும் பிளாஸ்டிக் கூட்டின், துளைக்குள் தள்ள வேண்டும். 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டதும் லேசாக ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேள், இழு. ஒரு ஷிப்டில் எத்தனை ஆயிரம் தடவை என்று நான் எண்ணியதே இல்லை. அப்புறம் டேப் சுற்றுவது. சின்ன வயதில் என் ஆள்காட்டி விரலைத் தடவிவிட்டு "ஏம்மா இங்கே மட்டும் கல்லு மாதிரி இருக்கு" என்று கேட்பாய். அது டேப் இழுத்து இழுத்து வந்த காய்ப்பு.

இவ்வளவு ரோபோ வந்த பிறகும் இந்த வேலை பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது. இரும்புத் தகடு வைத்த இடத்தில் நிற்கும், ரோபோ பிடித்துக்கொள்ளும். வயர் துவளும், நழுவும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். போதாததற்கு ஒவ்வொரு வண்டிக்கும் வயர்க்கட்டு மாறும். ஒருவர் சூடாகும் சீட் கேட்பார், ஒருவர் கேட்க மாட்டார். நிறைய ஆட்கள் வேண்டும் என்பதால் கூலி குறைவான நாடுகளைத் தேடி இந்த வேலை போகும். மொராக்கோ, துனிசியா, ருமேனியா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், உக்ரைன் என்று எங்கெங்கோ பெண்கள் வரிசையாகப் பலகை முன்னால் நிற்கிறார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும் அங்கிருந்த ஹார்னஸ் ஆலைகள் நின்றன. சில நாட்களுக்குள் ஃபோக்ஸ்வாகனும் பி.எம்.டபிள்யூவும் போர்ஷேயும் ஜெர்மனியில் கார் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. ஜெர்மன் கார் என்கிறாயே, அதன் நரம்பு எங்கே பின்னப்பட்டது என்று உலகம் அன்றைக்குத்தான் பார்த்தது.

அந்தப் பெண்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நீ "வேற நாட்டுச் சரக்கு" என்று முகம் சுளிக்கிற மாதிரிச் சொன்னபோது எனக்கு வலித்தது. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

சரி, உன் சஸ்பென்ஷன் ஆர்முக்கு வருகிறேன். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாக நம்பருக்குப் பக்கத்தில் கட்டை விரல் அகலத்துக்கு உலோகத்தைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிட்டாய். இந்தத் தேய்ப்பு வேறு காரணத்துக்கும் வரும். கார் கம்பெனி இந்த ஆர்மைத் தானே செய்வதில்லை, செய்து கொடுக்க வேறொரு கம்பெனி இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்து, ஒரே மெஷினில் கடைந்து, ஒரு பகுதி கார் கம்பெனியின் சின்னத்தோடு அதன் டப்பாவில் போகும். இன்னொரு பகுதியைச் செய்தவரே தன் டப்பாவில் போட்டு விற்பார். அப்போது கார் கம்பெனியின் சின்னம் அதில் இருக்கக் கூடாது, தேய்த்துவிடுவார்கள். போட்டோவை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இந்தத் தேய்ப்பு இருப்பதாலேயே அது போலி என்று ஆகிவிடாது. கார் கம்பெனி டப்பாவுக்கு நீ கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு சோதனைக்கும் உத்தரவாதத்துக்கும் போகிறது, மிச்சம் அந்தப் பெயருக்குப் போகிறது.

'இந்த நாட்டில் செய்தது' என்று அச்சடிக்கும் வழக்கத்துக்கே ஒரு கதை உண்டு. 1887ல் பிரிட்டனில் வணிகக் குறிச் சட்டம் ஒன்று வந்தது. வெளிநாட்டுச் சரக்கு, முக்கியமாக ஜெர்மன் சரக்கு, உள்ளூர்ப் பேரைப் போட்டுக்கொண்டு விற்கிறது, மக்கள் ஏமாறாமல் இருக்கட்டும் என்று கொண்டுவந்தார்கள். 'மேட் இன் ஜெர்மனி', அதாவது 'ஜெர்மனியில் செய்தது', என்பது அப்போது எச்சரிக்கை வாசகம். ஜெர்மன்காரர்கள் ஒழுங்காகச் செய்துகொண்டே இருந்தார்கள். சில பத்து வருஷங்களில் அதே மூன்று சொல்லைத் தேடி மக்கள் வாங்க ஆரம்பித்தார்கள். நீயும் இன்றைக்கு அதைத்தான் தேடுகிறாய்.

சுங்கத்தில் ஒரு பொருளின் நாட்டை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று ஆலையில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்த ஒரு அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பல நாடு கடந்து வந்த பொருள் என்றால், கடைசியாக அது எங்கே குறிப்பிடத்தக்க அளவில் வேறு பொருளாக மாறியதோ அந்த நாட்டின் பேர்தான். எங்கள் வயர்க்கட்டில் இருந்த செம்பு சிலியில் தோண்டியதாக இருக்கலாம், உலகத்தில் அதிகம் செம்பு எடுப்பது அவர்கள்தான். டெர்மினல் ஒரு நாடு, கனெக்டர் ஒரு நாடு. பலகையில் ஒன்றாகக் கட்டியதும் எங்கள் நாட்டுப் பேர் வந்து உட்காரும். கப்பலேறி, காருக்குள் போய் மாட்டியதும் எங்கள் பேர் போய்விடும். கார் எந்த ஊரில் முழுமையானதோ அந்த நாடு. அவ்வளவுதான் அந்தச் சொல்லின் கனம்.

இதையாவது கொஞ்சம் திறந்து காட்டச் சொன்னது அமெரிக்காதான். 1992ல் போட்ட சட்டப்படி புதுக் காரின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பாகங்களில் அமெரிக்க, கனடா பங்கு எத்தனை சதவீதம், எஞ்சின் எந்த நாடு, கியர்பாக்ஸ் எந்த நாடு, கடைசியாகப் பாகங்களைப் பூட்டி முடித்தது எந்த ஊர் என்று அதில் இருக்கும். அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் செய்துகொண்டு 2020ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. வரியில்லாமல் எல்லை தாண்ட வேண்டுமானால் காரின் மதிப்பில் 75 சதவீதம் அந்த மூன்று நாடுகளுக்குள் உண்டாகியிருக்க வேண்டும். கூடவே, 40 சதவீதம் மணிக்குக் குறைந்தது 16 டாலர் சராசரிக் கூலி கொடுக்கும் ஆலைகளிலிருந்து வர வேண்டும். எங்கே செய்தாய் என்று கேட்பதோடு, செய்தவளுக்கு என்ன கொடுத்தாய் என்றும் ஒரு வணிக ஒப்பந்தம் கேட்டதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ நம்புகிற எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்கோடு 400ல் தொடங்கினால் ஜெர்மனியில் செய்தது, 690ல் தொடங்கினால் சீனாவில் செய்தது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு. அந்த எண், அதை வாங்கிய கம்பெனி எந்த நாட்டு அமைப்பில் பதிவு செய்தது என்பதைத்தான் சொல்லும். செய்த இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீ வாங்கிய பிரேக் பேடின் முதுகில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் 1 என்ற எண்ணும் இருக்கிறதே, அதைப் பார்த்து ஜெர்மனி என்று சந்தோஷப்பட்டாய். 1 ஜெர்மனி என்பது சரி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. ஆனால் அது சோதித்து ஒப்புதல் கொடுத்த நாடு. பேட் வேறெங்கோ செய்ததாக இருக்கலாம். அதற்காக அந்த முத்திரையை அலட்சியம் செய்யாதே. கூடவே 90ஆர் என்று தொடங்கும் எண் இருந்தால், மாற்று பிரேக் பேடுக்கான விதிப்படி அதைச் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னைக் கேட்டால் நாட்டுப் பேரைவிட அந்த எண் பெரிது.

கண்ணாடிக்குக் கீழே தெரியும் 17 இலக்க வண்டி எண்ணும் அப்படித்தான். முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ என்றால் ஜெர்மனி, 1, 4, 5 என்றால் அமெரிக்கா என்பார்கள். பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 வண்டிகள் பெரும்பாலும் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் பூட்டப்படுபவை, அமெரிக்காவில் விற்பவை அதற்கேற்ப 5ல் தொடங்கும். ஆனால் போர்ஷே கயென் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் பூட்டி வந்தும் டபிள்யூவில்தான் தொடங்குகிறது. பதினொன்றாவது இலக்கத்தைப் பார். பெரும்பாலும் ஆலையைச் சொல்வது அதுதான்.

இப்போது என் கதை. இதை உன் அப்பாவிடம்கூட அரைகுறையாகத்தான் சொன்னேன்.

பலகையிலிருந்து இறங்கிய ஹார்னஸ் கடைசியில் சோதனை மேசைக்கு வரும். எல்லாக் கனெக்டரையும் மேசையில் சொருகினால் ஒவ்வொரு வயராக மின்சாரம் ஓடிப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரிந்து, சின்ன மெஷின் ஒரு ஸ்டிக்கரைத் துப்பும். தேதி, ஷிப்ட், மேசை எண். என் மேசை 14. ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு அசெம்பிளி ஆலையில், புது வண்டி ஒன்றில் ஏர்பேக் விளக்கு அணையவில்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு டெர்மினல் துளைக்குள் முழுசாக உட்காரவில்லை. சோதனையில் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, வண்டி குலுங்கியதும் பின்வாங்கிவிட்டது. ஸ்டிக்கரில் 14. இழுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் நான் இழுத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அதே ஷிப்டில் என் மேசையில் போன அத்தனையையும் ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்தார்கள். சில கப்பலில், சில அங்கே கிடங்கில். இரண்டே நாளில் எல்லாம் கிடைத்தன. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை, மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அந்த வண்டி தெருவுக்குப் போயிருந்தால்?

அதனால்தான் சொல்கிறேன் கண்ணா. நல்ல சாமான் என்றால் அது எந்த நாடு என்று நான் பார்ப்பதில்லை. திருப்பிப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மேசை வரைக்கும் போக முடியுமா என்று பார்ப்பேன். 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானில், டொயோட்டாவுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஐசின் கம்பெனியின் ஆலை ஒன்று தீப்பிடித்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிரேக் வால்வு, டொயோட்டாவுக்குக் கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி அநேகமாக முழுக்க நின்றது. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனி உட்பட எத்தனையோ பேர் அந்த வால்வைக் கடைந்து கொடுத்து, ஒரு வாரத்துக்குள் நிமிர்த்திவிட்டார்கள். தையல் மெஷின்காரர் செய்த வால்வை பிரேக்கில் எப்படி நம்பினார்கள்? வரைபடம் ஒன்று, சோதனை ஒன்று, யார் செய்தது என்ற கணக்கும் இருந்தது.

பெரிய பேரும் தவறும், அதையும் மறைக்க மாட்டேன். டக்காட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்கில் வாயுவைக் கிளப்பும் பாகம் வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டு, விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உயிர்கள் போயின. ஜப்பான், ஜெர்மன், அமெரிக்கக் கார் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றிலும் அது இருந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற உத்தரவானது. எந்த வண்டியில் எது இருக்கிறது என்று எண் இருந்ததால்தான் அவ்வளவையும் தேட முடிந்தது. போலி ஏர்பேக்குக்கு அந்த வழியே கிடையாது. 2012ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் போலிகளைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது.

அந்த ஆர்மைத் தூக்கிப் போடாதே. அதில் இருக்கும் நம்பரையும் செய்தவர் குறியையும் செய்தவரின் பட்டியலோடு ஒப்பிடு. பொருந்தினால் மாட்டிக்கொள். பிரேக், ஏர்பேக், சீட் பெல்ட் இந்த மூன்றை மட்டும் முகம் தெரியாதவரிடம் மலிவாக வாங்காதே, அம்மா கெஞ்சிக் கேட்கிறேன். உன் வண்டி எண்ணைப் போட்டு ஏதாவது திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. பழைய வண்டி, முன்னால் வைத்திருந்தவர் கவனித்தாரோ என்னவோ.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால், பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார். கறுப்பு டேப் சுற்றிய தடித்த வயர்க்கட்டு தெரியும். கொஞ்சம் தேடினால் அதில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தேதியோடு. டேப்பைப் பிரிக்காதே, எதையும் இழுக்காதே. ஸ்டிக்கரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. யார் சுற்றியது என்று தெரியாவிட்டாலும், எப்படிச் சுற்றியிருக்கிறாள் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா