ஆண்டறிக்கை 2024–2025: பழைய இசைநூல் பணி பற்றிய செயலாளரின் விளக்கத்துடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோவில்பட்டியில் இயங்கிவரும் நம் இசைச் சங்கத்தின் 2024–2025ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூடியது. மாணவர் பாட்டுப் போட்டி ஆடி மாதத்திலும், தியாகராஜர் ஆராதனை தை மாதத்திலும் வழக்கம்போல் நடைபெற்றன. மார்கழியில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. நூலகத்தின் ஓட்டுக்கூரை மழைக்கு முன்பே சரிசெய்யப்பட்டது. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கும் சங்கம் அஞ்சலி செலுத்தியது.

இனி, சென்ற பொதுக்குழுவில் ஒப்புதல் பெற்று நான் பொறுப்பேற்ற பணிக்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பக்கத்தில் அச்சான பாட்டை ஸ, ரி, க, ம என்ற ஸ்வர எழுத்துகளில் பதித்த ஸ்வரப் புத்தகங்களையும், பாட்டுப் புத்தகங்களையும் உறுப்பினர் வீடுகளிலிருந்து திரட்டி, பட்டியலிட்டு, படியெடுத்துப் பாதுகாப்பதே அந்தப் பணி. அரையாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், யாரும் புரட்டாத பழைய தாளுக்காகச் சங்கப் பணம் வீணாகிறது என்று பேசினார். அன்று நேரம் போதாமையால் நான் சுருக்கமாகவே பதில் சொன்னேன். இன்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

மேல்நாட்டில் பாட்டை அச்சிட்டு விற்பது அக்காலத்தில் பெருவணிகமாக இருந்தது. நியூயார்க் நகரின் 28ஆம் தெருவில் பதிப்பாளர்கள் வரிசையாகக் கடை வைத்து, ஒவ்வொரு பாட்டையும் தனித் தாளாக அச்சிட்டு, வீட்டுக்கு வீடு இருந்த பியானோவை நம்பி விற்றார்கள். நம் நாட்டிலோ பாட்டு வாத்தியாரிடமிருந்து மாணவனுக்கு வாய்வழியாகவே போய்ச் சேர்ந்தது. ஸ்வரம் போட்ட புத்தகத்தை வாங்கக் கூட்டம் கூட்டமாக ஆள் காத்திருக்கவில்லை. அப்படியிருந்தும் அவற்றை அச்சிடத் துணிந்தவர்கள் தம் கைப்பணத்தையும் உடல்நலத்தையும் வைத்தே துணிந்தார்கள்.

அவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணிபுரிந்த ஏ. எம். சின்னசாமி முதலியார். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்வரக்குறியில், அதாவது ஐந்து கோட்டின் மேல் புள்ளியிட்டு எழுதும் முறையில், பகுதி பகுதியாக வெளியிட 1890களின் தொடக்கத்தில் முனைந்தார். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு குறியில் பதித்துவிட்டால் நம் இசை அழியாது என்பது அவர் நம்பிக்கை. அந்த முறையில் அச்சிடத் தனி எழுத்தும் தனிப் பயிற்சியும் வேண்டும். செலவோ சாதாரணப் புத்தகத்தைப் போல் பல மடங்கு. சந்தாதாரர்களை நம்பித் தொடங்கிய அந்த வெளியீட்டுக்கு எதிர்பார்த்த ஆதரவு கிடைக்காததால், தம் சொந்தப் பணத்தைக் கொட்டித்தான் அதை நடத்தினார்.

அந்த முதலியாரே 1899இல், உடல் நலிந்த நிலையில், நம் ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எட்டயபுரத்துக்கு வந்தார். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊர் அது. தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்துவானாக இருந்தார். அவரிடம் இருந்த கீர்த்தனைகளும் இசை இலக்கணம் கூறும் லட்சண நூல்களும் அவரோடு மறைந்துவிடக் கூடாது, அவற்றை அச்சேற்ற வேண்டும் என்று முதலியார் அரசரிடம் வேண்டிக்கொண்டார். அரசரும் இணங்கினார். அதன் விளைவுதான் 1904இல் சமஸ்தானத்தின் வித்தியா விலாசினி அச்சகத்தில் அச்சாகி முடிந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசைநூல். இரண்டு தொகுதி, ஏறத்தாழ 1700 பக்கம், முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகள் (பாடல்கள்) மட்டுமே 229. நூல் அச்சாகி முடிவதற்குள் முதலியார் காலமாகிவிட்டார். சுப்பராம தீட்சிதரும் 1906இல் மறைந்தார். நூல் வருவது இரண்டாண்டு தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். சுப்பிரமணிய பாரதி சமஸ்தானத்தில் வேலை பார்த்ததும் இந்த நூல் அச்சான ஆண்டுகளில்தான் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

அது தெலுங்கு எழுத்தில் உள்ள நூல், நமக்கு எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அக்காலத்தில் சமஸ்தானத்திலும் வித்துவான்களிடையிலும் இசைக்கு வழங்கிய எழுத்து அதுவே. பின்னர் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் அதைத் தமிழ் எழுத்தில் பல தொகுதிகளாக வெளியிட்டது. நம் வட்டாரத்தில் பிறந்த நூலை நாமே அயல் நூல் என்று ஒதுக்குவது முறையாகாது.

ஐப்பசி மாதத்தில் எட்டயபுரத்துக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்தேன். 22 பேர் பெயர் கொடுத்ததால் அதற்கேற்ற வேன் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. புறப்படும் காலையில் வந்தவர்கள் ஆறு பேர். மழை காரணம் என்று பின்னர் சிலர் சொன்னார்கள். அன்று பெய்தது தூறல். முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடத்தில் எங்களோடு வந்த ஆசிரியை ஒருவர் ஒரு கீர்த்தனை பாடினார்; அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். வராத 16 பேரின் பங்கைச் சங்கம்தான் ஏற்க வேண்டியிருந்தது. கணக்கில் பயணச் செலவு கூடுதலாகத் தெரிவதற்கு இதுவே காரணம், செயலாளரின் ஊதாரித்தனம் அல்ல என்பதைப் பதிவு செய்கிறேன்.

கார்த்திகையில் நடத்திய அச்சுக்கோப்பு நிகழ்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓய்வு பெற்ற கம்பாசிட்டர் (அச்சுக்கோப்பவர்) ஐயா ஒருவர், தம்மிடம் எஞ்சியிருந்த ஈய எழுத்துகளையும் அவற்றைக் கோக்கும் ஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். இசைப் பாடத்தின் முதல் பயிற்சியான சரளி வரிசையின் முதல் வரியைக் கோத்துக் காட்டும்படி கேட்டோம். ஸ, ரி, க, ம, ப, த, நி ஆகிய ஏழும் சாதாரண எழுத்துப் பெட்டியிலேயே இருப்பதால் எந்தச் சிறிய அச்சகமும் இதை அச்சிடலாம். சின்னசாமி முதலியார் பட்ட பாடு இதில் இல்லை. ஆனால் மேல் ஸ்தாயி (அடுத்த உயர் வரிசை) ஸ என்று காட்ட எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வேண்டும். புள்ளி வைத்த ஸ அவரிடம் இல்லை. ஆகவே ஸ்வர வரிக்கு மேலே இன்னொரு மெல்லிய வரி கட்டி, வெறும் ஸ்பேஸ்களாக நிரப்பி, கடைசி ஸ நிற்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு புள்ளியை நிறுத்தினார். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்துக்கு நான்கு, இரண்டு, இரண்டு என்று கோடுகள் வைத்தார். இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்கு ஸ்வரங்களின் மேல் கோடு போடப் பித்தளை ரூலை அளந்து நறுக்கினார். எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு வரி முடிய இருபது நிமிடம் ஆயிற்று.

அவர் சொன்ன இன்னொரு செய்தி எந்த இசைநூலிலும் நான் படிக்காதது. கதைப் புத்தகம் கோக்கும்போது எல்லா எழுத்தும் பரவலாகச் செலவாகும். ஸ்வரப் புத்தகத்திலோ ஏழு அறைகள் மட்டும் சீக்கிரம் காலியாகிவிடும், ரியும் நியும் முதலில் தீரும், ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) அச்சாகி எழுத்தைப் பிரித்துப் போடும் வரை அடுத்த பக்கத்தில் கை வைக்க முடியாது என்றார். எட்டயபுரத்தில் 1700 பக்கம், அதிலும் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகங்களில் கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் எதிரெதிரே சாய்ந்த கோடு என்று கமகத்துக்கொரு குறியாகக் கோத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கம்பாசிட்டர்களின் பொறுமைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் பதினொருவர். அவர்களில் ஏழு பேர் பள்ளி மாணவர்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி.

ஸ்வரப் புத்தகத்தில் அச்சுப்பிழை எவ்வளவு பெரிய கேடு என்பதையும் இந்தப் பணியில்தான் கண்ணால் கண்டேன். கதையில் ஓர் எழுத்து விட்டுப்போனால் வாசகர் ஊகித்துக்கொள்வார். இதில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் தாளமே இடிக்கும், ஏனென்றால் அந்தக் காற்புள்ளி ஓர் எண்ணிக்கைக்கான நீட்டம், அரைப்புள்ளி இரண்டுக்கு. திரட்டிய நூல்களில் அட்டையும் தலைப்புப் பக்கமும் இல்லாத ஒன்றில், வர்ணம் என்ற பாட்டு வகை ஒன்றின் சிட்டை ஸ்வரத்தில், அதாவது ஸ்வரங்களையே பாடும் பகுதியில், 32 எண்ணிக்கை வர வேண்டிய ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) 31ஆக நின்றது. பெயர் தெரியாத மாணவர் ஒருவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு காற்புள்ளியைச் செருகி, ஓரத்தில் ‘வாத்தியார் சொன்னபடி’ என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தின் கீழ் மூலை விரல் பட்டுப் பட்டு மெழுகுத் துணிபோல் ஆகியிருந்தது. யாரும் புரட்டாத தாள் என்று சொன்ன உறுப்பினர் அந்த ஒரு பக்கத்தை வந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சித்த மருத்துவத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, மாநாடுகளைத் தம் செலவிலேயே கூட்டி, தமக்கென அச்சகமும் வைத்து, 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆராய்ச்சி நூலைத் தமிழில் வெளியிட்டார். அவர் காலத்துச் சங்கத்தோடு நம் சங்கத்தை ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் சங்கம் என்ற பெயரை நாமும் தாங்கியிருக்கிறோம்.

ஸ்வரப் புத்தகத்தைவிட மிகுதியாக விற்றவை நாடகப் பாட்டுப் புத்தகங்கள். சென்னையில் குஜிலி என்ற கடைத்தெருப் பக்கத்திலிருந்து எட்டுப் பக்கம், பதினாறு பக்கமாக வந்து, காலணா அரையணாவுக்குச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற வெளியீடுகள் அவை. இவற்றில் ஸ்வரம் கிடையாது. பாட்டின் தலைப்பில், இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று ஒரு வரி மட்டும் இருக்கும். வாங்குபவருக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கையில் நடந்த வணிகம் அது. பாரதியாரும் நந்தனார் சரித்திரத்தின் மெட்டை எடுத்துத் திலகரைப் பற்றிப் பாடினார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் என்பதால், அவர் நாடகப் பாட்டுகள் நம் வட்டாரத்து வீடுகளில் இன்னும் எங்காவது மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். மூத்த உறுப்பினர் ஒருவரின் பரணிலிருந்து கிடைத்த நான்கு புத்தகங்களும் ஒரே சணல் கயிற்றில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. தாள் அவ்வளவு மட்டமானது, பிரிக்கும்போதே ஓரம் உதிர்ந்தது. உதிர்ந்த மெட்டு வரியை மீண்டும் எழுத இன்று அந்த மெட்டுத் தெரிந்தவர் இல்லை.

இதுவரை 37 நூல்கள் பட்டியலில் ஏறியுள்ளன. 19 நூல்கள் படியெடுக்கப்பட்டு, அவற்றுள் 12க்குப் புதிய கட்டும் போட்டாயிற்று. படியெடுத்தவற்றின் ஒரு பிரதியைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற பெரிய இடத்தில் சேர்ப்பது பற்றிச் செயற்குழு முடிவு செய்ய வேண்டும். நூலகத்திலிருந்து மூன்று பழைய புத்தகங்களை எடுத்துச் சென்ற உறுப்பினர் பதினான்கு மாதங்களாகத் திருப்பித் தரவில்லை. இரண்டு கடிதம் எழுதினேன், ஒரு முறை வீட்டுக்கும் சென்றேன். அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவரும் இந்தக் கூட்டத்தில் இருப்பார் என்று நம்புகிறேன்.

வரவு செலவைப் பொருத்தவரை, சந்தா, நன்கொடை, கச்சேரி நாள்களில் கிடைத்த சிறு தொகை ஆகியவை வரவாகவும், கூரைப் பழுது, கச்சேரிச் சன்மானம், பயணம், நூற்கட்டு ஆகியவை முக்கியச் செலவாகவும் அமைந்தன. ஆண்டு முடிவில் சிறிதளவு பற்றாக்குறை உள்ளது. அதைத் தற்காலிகமாக ஈடுகட்டியிருக்கிறோம். விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 58 உறுப்பினர்களில் 41 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. ஆண்டுக்கு 300 ரூபாய் என்பது நம்மில் எவருக்கும் தாங்க முடியாத தொகை அல்ல. நிலுவை முழுவதும் வந்திருந்தால் பற்றாக்குறையும் இருந்திராது, இசைநூல் பணியைக் குறைகூறவும் இடம் இருந்திராது.

நன்றி கூற வேண்டியவர்கள் பலர். தலைவர் அவர்களுக்கும், கணக்கைப் பொறுமையுடன் பேணிய பொருளாளருக்கும், கச்சேரிக்கு மண்டபம் தந்தவர்களுக்கும், நூல்களை நம்பிக் கொடுத்த குடும்பங்களுக்கும், சன்மானம் வாங்க மறுத்த கம்பாசிட்டர் ஐயாவுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டில் எஞ்சிய 18 நூல்களைப் படியெடுப்பதும், அட்டையில்லாத ஸ்வர நூலை ஓர் இசை ஆசிரியரின் துணையுடன் பிழை திருத்திக் கணினியில் ஏற்றுவதும் என் எண்ணம். செல் அரித்த நூல்கள் அடுத்த மழைக்காலத்தைத் தாங்கா. ஒரு இரும்பு பீரோ உடனே தேவை. இந்தப் பொறுப்பை நான் ஏழு ஆண்டுகளாக வகித்து வருகிறேன். பொதுக்குழு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தால் சாவியையும் பட்டியலையும் மன நிறைவுடன் ஒப்படைப்பேன். என்னையே தொடரச் சொன்னால், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நூலகத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய மூன்று பேராவது என்னோடு வேண்டும். பட்டியலிடும் தாள்களும் ரசீதுப் புத்தகமும் அதே மேசையில் இருக்கும். நிலுவைச் சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

இவண்,
செயலாளர்