ஏப்ரலிலேயே இரங்கல் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆவதற்குள் ‘ஃபார்ம் இழந்த நட்சத்திரங்கள்’ பட்டியல் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் பெயர்கள் மாறுகின்றன, தொனி மாறுவதில்லை. 162 ஆட்டங்கள் இருக்கும்போது இருபதாவது ஆட்டத்திலேயே தீர்ப்பு எழுத என்ன அவசரம்?

இருபது ஆட்டங்களில் ஒரு மட்டையாளர் கணக்கில் ஏறக்குறைய 75 வாய்ப்புகள் சேரும். அவற்றில் 15 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக முதல் தளத்தையாவது எட்டுவது) அடித்தால் சராசரி, அதாவது ஹிட்களை வாய்ப்புகளால் வகுத்த எண், .200. ‘முடிந்துபோனார்’ என்கிறோம். 21 அடித்தால் .280, கொண்டாடுகிறோம். இடையில் இருப்பவை ஆறே ஹிட்கள். அதே ஆறு ஹிட்கள் சீசன் முடியும் செப்டம்பரில், 550 வாய்ப்புகளுக்குப் பிறகு குறைந்தால், .280 என்பது .269 ஆகும், அவ்வளவுதான். இதோடு அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களின் ஏப்ரல் குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஜூலையில் வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகக்கூடிய அடி அப்போது வேலியோரம் பிடிபட்டுவிடுகிறது.

2024 ஏப்ரலில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரோன் ஜட்ஜை யாங்கி ஸ்டேடியத்தில் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டுப் பழித்தார்கள். அன்று அவர் நான்கு முறை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்குகளில் ஆட்டமிழப்பது). அவருடைய உருவத்தில் செய்த தலையாட்டிப் பொம்மையை ரசிகர்களுக்கு வழங்கிய நாளும் அதுதான்! பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே கூச்சலிட்டவர்களும் இருந்திருப்பார்கள். சீசன் முடிவில் ஜட்ஜின் கணக்கு: 58 ஹோம் ரன்கள், சராசரி .322, லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருது. அதே மாதம் நியூயார்க்கின் மற்றோர் அணியான மெட்ஸின் ரசிகர்கள், தடுமாறிக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ்கோ லிண்டோருக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் 33 ஹோம் ரன்களுடன் தம் லீகின் எம்விபி வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார். கைதட்டல்தான் காரணமா என்றால் நம்ப மாட்டேன். பழிப்புக் கேட்ட ஜட்ஜும் அடித்தாரே.

2009-இல் பாஸ்டனின் டேவிட் ஓர்டிஸ் முதல் ஹோம் ரன்னை அடித்தபோது மே 20 ஆகிவிட்டது. அந்த ஆண்டை 28 ஹோம் ரன்களுடன் முடித்தார்.

எல்லோரும் மீண்டு வருவதில்லைதான். பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ், 2018-இன் கடைசி நாட்களையும் சேர்த்து, 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 வாய்ப்புகளில் ஒரு ஹிட் கூட அடிக்கவில்லை. பழைய நிலைக்கு அவர் திரும்பவே இல்லை. ஆனால் 2018 முழுவதற்குமே அவருடைய சராசரி .168தான். அவருடைய சரிவு தெரிந்தது அந்த முழு ஆண்டில். ஏப்ரல் வந்தபோது அது பழைய செய்தி.

பட்டியலை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் முதலில் அதைத்தான் படிக்கிறேன். சராசரிக்குப் பக்கத்தில், அது எத்தனை வாய்ப்புகளில் வந்தது என்பதையும், அந்த வீரரின் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரியையும் அச்சிடுங்கள். இரண்டு கட்டங்கள் கூடுதலாகத் தேவைப்படும். இடமில்லை என்றால், தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் வீரரின் அந்தப் பெரிய படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
யாங்கீஸ் ரசிகர் ஒருவர்,
எடிசன், நியூஜெர்சி